த்ரில்லர் நாவலில் நம்பகமும் உண்மையும்: ஓர் எளிய விளக்கம்

ஒரு த்ரில்லர் நாவலைப் படித்து முடித்தவர் "லாஜிக் இடிக்கிறது" என்று சொன்னால், அந்தக் குறை இரண்டு வெவ்வேறு விஷயங்களில் எதைப் பற்றியதாகவும் இருக்கலாம். கதைமாந்தர் நடந்துகொண்ட விதமோ, ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வு பிறந்த விதமோ அவரால் ஏற்க முடியாமல் போயிருக்கலாம். அல்லது கதையில் வரும் துப்பாக்கி, விஷம், மருத்துவம், சட்ட நடைமுறை ஆகியவற்றில் ஏதோ ஒன்று உலகில் உள்ளபடி இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். முன்னது நம்பகத்தன்மையைப் பற்றிய குறை. பின்னது தகவல் துல்லியத்தைப் பற்றிய குறை. இவ்விரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் சில நல்ல நாவல்கள் வீணாகத் திட்டு வாங்குகின்றன. சில தவறான தகவல்களோ எந்தக் கேள்வியும் எழாமல் வாசகர் மனத்தில் குடியேறிவிடுகின்றன.

உண்மையாக நடந்தது எல்லாம் நம்பும்படி இருப்பதில்லை. 1978 செப்டம்பர் 7 அன்று லண்டனில் ஒரு பேருந்து நிறுத்தத்தருகே நின்றிருந்த பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்க்கோவின் தொடையில் சுருக்கென்று ஏதோ குத்தியது. அவர் திரும்பிப் பார்த்தபோது ஒருவர் குனிந்து குடையை எடுத்துக்கொண்டிருந்தார். நான்கு நாட்களில் மார்க்கோவ் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில், இரண்டு மில்லிமீட்டர் விட்டம்கூட இல்லாத, துளையிடப்பட்ட ஓர் உலோகக் குண்டு அவருடைய தொடையிலிருந்து கிடைத்தது. அதில் இருந்தது ரைசின் என்ற நஞ்சாகத்தான் இருக்க வேண்டும் என்பது புலனாய்வாளர்களின் முடிவு. இதை ஒரு நாவலாசிரியர் தம் கற்பனையில் எழுதியிருந்தால், காதில் பூச்சுற்றுகிறார் என்று பலரும் புத்தகத்தை மூடி வைத்திருப்பார்கள்.

மறுபக்கம், நம்பும்படி இருப்பது எல்லாம் உண்மையும் அல்ல. 1959-இல் வெளியான 'கோல்ட்ஃபிங்கர்' நாவலில், உடல் முழுவதும் தங்கப் பூச்சு பூசப்பட்டதால் தோல் சுவாசிக்க முடியாமல் ஒரு பெண் இறந்துபோகிறாள். மனிதர் மூச்சு விடுவது நுரையீரலால்; தோலை மூடிவிட்டால் மூச்சு முட்டிச் சாவு வராது. ஆனால் அந்தக் காட்சியைப் படிக்கும்போது யாருக்கும் சந்தேகம் தோன்றுவதில்லை. வியர்வைத் துளைகளைப் பற்றி நாம் எல்லோரும் ஏதோ கேள்விப்பட்டிருக்கிறோம். அந்த அரைகுறை அறிவின்மீது நாவல் சாய்ந்துகொள்கிறது. தவறான தகவலைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் இத்தகைய அரைகுறை அறிவுதான்.

இந்த வேறுபாடு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. நடக்கக்கூடியதாயினும் நம்ப முடியாததைவிட, நடக்க முடியாததாயினும் நம்பத்தக்கதையே கவிஞர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் கூறுகிறார். தொல்காப்பியம் "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்" என்று வகுக்கும்போது, புனைந்துரைக்கும் மரபும் உலகத்தில் உள்ள நடப்பும் கலந்தே இலக்கிய வழக்கு உருவாகிறது என்பதை ஏற்றுக்கொள்கிறது. அகத்திணைப் பாடலுக்காகச் சொல்லப்பட்ட விதியாயினும், த்ரில்லருக்கு இது அப்படியே பொருந்துகிறது என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் வேறெந்த வகைக் கதையையும்விட த்ரில்லர்தான் உலகியல் வழக்கை அதிகமாகக் காட்டி, அதன் மறைவில் நாடக வழக்கை நடத்திச் செல்கிறது.

அது எப்படி நடக்கிறது என்பதை நெருங்கிப் பார்க்க, நாவலுக்கு வெளியே நடந்த ஒரு நிகழ்வு மிக நன்றாக உதவும். இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கத் திட்டமிட்டிருந்தன. கிரேக்கத்திலும் சார்டினியாவிலும்தான் தாக்குதல் வரப்போகிறது என்று ஜெர்மானியர்களை நம்பவைக்க, பிரிட்டிஷ் உளவுத்துறையினர் ஒரு சடலத்துக்கு அதிகாரியின் உடையை அணிவித்து, 'மேஜர் வில்லியம் மார்ட்டின்' என்று பெயரிட்டு, பொய்யான இராணுவக் கடிதங்களுடன் 1943 ஏப்ரல் 30 அன்று ஸ்பெயினின் உவெல்வா கடற்கரைக்கு அருகே மிதக்கவிட்டார்கள். கடிதங்கள் மட்டும் இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்த மனிதருக்கு ஒரு வாழ்க்கையையே உருவாக்கினார்கள். கணக்கில் இருந்ததைவிடக் கூடுதலாகப் பணம் எடுத்துவிட்டதைக் குறிப்பிட்டு வங்கி அனுப்பிய கடிதம், நிச்சயதார்த்த மோதிரம் வாங்கியதற்கான பில், காதலியின் கடிதங்கள், அவளுடைய புகைப்படம், நாடக அரங்கின் கிழிக்கப்பட்ட நுழைவுச்சீட்டுகள் ஆகியவை அவருடைய சட்டைப்பைகளில் இருந்தன. அடையாள அட்டைகூடத் தொலைந்துபோனதற்குப் பதிலாக வழங்கப்பட்டது என்ற குறிப்புடன் இருந்தது. அலுவலக அனுமதிச்சீட்டு காலாவதியாகியிருந்தது.

இந்தக் கடைசி இரண்டு விவரங்களில்தான் கலை இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கும் சட்டைப்பை சந்தேகத்தைத் தூண்டும். அட்டையைத் தொலைத்துவிட்டு, அனுமதிச்சீட்டைப் புதுப்பிக்க மறந்துவிட்டு, கையில் காசில்லாமல் மோதிரம் வாங்கிய ஓர் இளைஞரை யாரும் கற்பனை என்று நினைப்பதில்லை. மோதிரக் கடையும் வங்கியும் அரங்கமும் உலகில் உண்மையாகவே இருந்தவை. ஒவ்வொரு தாளும் தனித்தனியே சோதனைக்கு நிற்கும். அந்த மனிதர் மட்டும் பொய். ஜெர்மானியத் தலைமை அதை நம்பியது. இத்திட்டத்தின் மூலக்கருத்து, 1939-இல் பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறையில் சுற்றுக்கு விடப்பட்ட ஒரு குறிப்பில் இருந்தது. அந்தக் குறிப்போ தன் யோசனையை ஒரு துப்பறியும் நாவலிலிருந்து எடுத்ததாகவே கூறியது.

நாவலாசிரியரும் இதே வழியில்தான் போகிறார். ஃபிரெடெரிக் ஃபோர்சைத் 1971-இல் வெளியிட்ட 'த டே ஆஃப் த ஜாக்கல்' இதற்கு மிகச் சிறந்த பாடம். பிரெஞ்சு அதிபர் தெ கோலைக் கொல்ல ஒரு கூலிக் கொலையாளி அமர்த்தப்படுவதே கதை. தெ கோல் 1970 நவம்பரில் தம் வீட்டில் இயற்கையாக இறந்தார் என்பது நாவல் வெளியானபோது எல்லோருக்கும் தெரியும். கொலை முயற்சி தோற்கும் என்பதும் முதல் பக்கத்திலேயே தெரியும். இப்படிப்பட்ட கதையில் என்ன விறுவிறுப்பு இருக்க முடியும் என்று பதிப்பாளர்கள் சிலர் அதைத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் நாவல் நிஜத்தில் தொடங்குகிறது: 1962 ஆகஸ்ட் 22 அன்று பெத்தி-கிளமார் என்ற இடத்தில் தெ கோலின் கார்மீது துப்பாக்கிச் சூடு நடந்ததும், அதை வழிநடத்திய அதிகாரி 1963 மார்ச்சில் மரண தண்டனையாகச் சுட்டுக்கொல்லப்பட்டதும் வரலாறு. அந்த வரலாற்றின் நிதானமான செய்தி நடையிலேயே கற்பனைக் கொலையாளியும் உள்ளே நுழைகிறான்.

அவன் பாஸ்போர்ட் வாங்கும் இடத்தைக் கவனியுங்கள். கல்லறைத் தோட்டத்தில் தன் வயதை ஒத்த, குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோன ஒருவனின் பெயரைத் தேடுகிறான். அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறான். அதைக்கொண்டு பாஸ்போர்ட் பெறுகிறான். பிறப்புப் பதிவேட்டையும் இறப்புப் பதிவேட்டையும் யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை என்ற ஓட்டை அன்றைய பிரிட்டனில் உண்மையாகவே இருந்தது. இந்தப் பகுதியைப் படிக்கும் வாசகர், இப்படி ஒருவன் இருந்தானா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, இவன் எப்படிப் பிடிபடுவான் என்று கேட்கத் தொடங்குகிறார். சரியான சிறு தகவல்களால் ஆசிரியர் வாசகரிடம் நம்பிக்கையைச் சேர்த்துவைத்து, அதைத் தம் ஒரே பெரிய பொய்க்காகச் செலவிடுகிறார். துல்லியத்துக்கும் நம்பகத்தன்மைக்கும் உள்ள உறவு பெரும்பாலும் இதுதான்.

இருப்பினும் தகவல் எவ்வளவு சரியாக இருந்தாலும் நம்பகத்தன்மையைத் தரமுடியாத இடங்கள் உண்டு. தற்செயல் நிகழ்வு அவற்றில் ஒன்று. நாயகனைச் சிக்கலில் மாட்டிவிடும் தற்செயலை வாசகர் பொறுத்துக்கொள்வார். சிக்கலிலிருந்து விடுவிக்கும் தற்செயலை மன்னிக்கமாட்டார். துப்பறியும் கதாசிரியர் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளில், துப்பறிபவருக்குத் தற்செயல் உதவக் கூடாது என்பதும், உலகம் அறியாத விஷம் எதையும் பயன்படுத்தக் கூடாது என்பதும் இடம்பெறுகின்றன.

அதைவிட முக்கியமானது மனித நடத்தை. உயிருக்குப் பயந்து ஓடும் ஒருத்தி, ஏன் காவல்துறையிடம் போகவில்லை என்ற கேள்விக்கு நாவலில் விடை இருந்தாக வேண்டும். துப்பாக்கி முனையில் எதிரியை நிறுத்திவைத்துவிட்டு, வில்லன் தன் திட்டம் முழுவதையும் பத்து நிமிடம் விளக்குகிறான் என்றால், அந்தத் துப்பாக்கியின் தயாரிப்பு ஆண்டு சரியாக இருப்பதால் என்ன பயன்? அத்தகைய இடத்தில் வாசகர் எந்த நூலையும் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பயமும் பேராசையும் எப்படி இருக்கும் என்பது அவருக்கே தெரியும். தம் அனுபவத்தை அளவுகோலாக வைத்து உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார். நம்பகத்தன்மையில் எல்லா வாசகரும் நிபுணர். தகவல் துல்லியத்தில் அந்தந்தத் துறையைச் சேர்ந்த சிலர் மட்டுமே நிபுணர். அதனால்தான் தகவல் பிழைகள் நூல் நூலாகப் பல தலைமுறைகள் பயணம் செய்கின்றன.

அப்படிப் பயணம் செய்பவற்றில் சில மிகப் பரிச்சயமானவை. குளோரோஃபார்ம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் ஆள் சரிந்துவிடுவதாக எழுதுகிறார்கள். உண்மையில் சில நிமிடங்கள் தொடர்ந்து முகர்ந்தால்தான் நினைவு தப்பும், அந்த அளவு சற்றுக் கூடினாலே மூச்சு நின்றுவிடக்கூடும். சைலன்சர் பொருத்திய துப்பாக்கி ஒரு மெல்லிய இருமலைப் போல ஒலிப்பதாக எழுதுகிறார்கள். சாதாரணக் கைத்துப்பாக்கியின் வெடியோசை ஏறத்தாழ 160 டெசிபல், சைலன்சர் அதில் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும், எஞ்சியது பக்கத்து அறையில் இருப்பவரைத் திடுக்கிட வைக்கப் போதுமானது. மரணம் இரவு 10.20-க்கு நிகழ்ந்தது என்று மருத்துவர் சடலத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுகிறார். உடல் குளிர்வதும் விறைப்பதும் அறையின் வெப்பநிலை, உடல் பருமன், உடை ஆகியவற்றைப் பொறுத்து மாறுவதால், நேர்மையான மருத்துவர் சில மணி நேர இடைவெளி ஒன்றைத்தான் குறிப்பிடுவார்.

இவற்றில் எந்தப் பிழையைப் பெரிதாக எடுத்துக்கொள்வது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. புத்தகத்துக்குள்ளேயே முடிந்துவிடும் பிழையை மன்னிக்கலாம். புத்தகத்தைவிட்டு வெளியேறி ஒருவரின் வாழ்க்கைக்குள் போகக்கூடிய பிழையை மன்னிக்க முடியாது. சைலன்சரின் ஓசையைத் தவறாக அறிந்திருப்பதால் யாருக்கும் தீங்கு நேராது. ஆனால் தலையில் அடிபட்டு அரை மணி நேரம் மயங்கிக் கிடந்தவர் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, கார் ஓட்டிச் செல்வதாக எழுதினால், சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும் மயக்கம் மூளைக் காயத்தின் அறிகுறி என்பதை வாசகர் அறியாமல் போகிறார். இதயத் துடிப்புக் கோடு நேர்க்கோடாகிவிட்ட நோயாளிக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பிழைக்க வைக்கும் காட்சியும் அப்படித்தான்: மின்னதிர்ச்சி உதவுவது இதயம் தாறுமாறாகத் துடிக்கும் சில நிலைகளில், துடிப்பே நின்றுவிட்டபோது மார்பை அழுத்திக் கொடுக்கும் முதலுதவியும் மருந்தும்தான் சிகிச்சை. மார்பை விடாமல் அழுத்துவது சாதாரண மனிதரும் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று. கதைகள் அதைச் சலிப்பான வேலையாக ஒதுக்கிவிடுவது வருத்தத்துக்குரியது.

துல்லியம் காலத்தோடும் கட்டுண்டது. மிரட்டுபவனை இன்னும் ஒரு நிமிடம் பேச்சில் இழுத்துப் பிடியுங்கள், அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று காவலர்கள் பதறுவது, இயந்திரத் தொலைபேசி இணைப்பகங்கள் இருந்த காலத்தில் பொருத்தமானதே. அங்கே ஓர் ஊழியர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து போக வேண்டியிருந்தது. டிஜிட்டல் இணைப்பகத்தில் அழைப்பு வந்த கணத்திலேயே அது பதிவாகிவிடுகிறது. ஆகவே ஒரு நாவலின் தகவலை எடைபோடும்போது, கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இன்றைய அறிவைக்கொண்டு அன்றைய கதையைக் குற்றம் சொல்வது நியாயமன்று.

துறை அறிந்த வாசகர் எழுத்தாளருக்கு உதவிய கதையும் உண்டு. ஜேம்ஸ் பாண்ட் வைத்திருந்த சிறிய பெரெட்டா துப்பாக்கி பெண்களுக்கே ஏற்றது என்று 1956-இல் ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற துப்பாக்கி நிபுணர் இயன் ஃபிளெமிங்குக்கு எழுதினார். ஃபிளெமிங் அதை ஏற்று, 1958-இல் வந்த 'டாக்டர் நோ'வில் பாண்டுக்கு வால்தர் பிபிகே துப்பாக்கியைக் கொடுத்தார். ஆயுதம் வழங்கும் அதிகாரிக்கு அந்த நிபுணரின் பெயரையே சூட்டினார். ஆனால் துப்பாக்கியை வைக்கும் உறையாக ஃபிளெமிங் தேர்ந்தெடுத்தது சுழல் துப்பாக்கிக்கென்று வடிவமைக்கப்பட்டது, வால்தருக்குப் பொருந்தாது. எண்ணும் பெயரும் கூடக்கூடத் தவறுவதற்கான இடமும் கூடும். உறுதியாகத் தெரியாத இடத்தில் "ஒரு கைத்துப்பாக்கி" என்று எழுதிவிட்டு நகர்வது, தொடக்கநிலை எழுத்தாளருக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் வழி.

இனி, வேண்டுமென்றே சொல்லப்படும் பெரிய பொய்க்கு வருவோம். 1990-இல் வெளியான 'ஜுராசிக் பார்க்' நாவலில், மரப்பிசினில் சிக்கி உறைந்த பூச்சியின் வயிற்றிலிருந்து எடுத்த டிஎன்ஏ-வைக்கொண்டு டைனோசர்கள் உருவாக்கப்படுகின்றன. மோவா என்ற அழிந்துபோன பறவையின் எலும்புகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வின்படி, அந்த எலும்புகளில் டிஎன்ஏ-வின் பிணைப்புகளில் பாதி 521 ஆண்டுகளில் சிதைந்துவிடுகிறது; உறைகுளிரிலேயே வைத்திருந்தாலும் சுமார் 68 லட்சம் ஆண்டுகளில் எதுவும் மிஞ்சாது. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே கதையின் அடிப்படையே நடக்க முடியாதது. இதை ஒரு குறையாக நான் கருதவில்லை. கதை நம்மிடம் கேட்பது இந்த ஒன்றை மட்டும்தான். அதைக் கொடுத்துவிட்டால் மீதி எல்லாம் காரணகாரியத்தோடு நடக்கிறது. இது கதைக்காகச் செய்துகொண்ட அனுமானம் என்பதும் வாசகருக்குத் தெரியும்.

சிக்கல் வருவது, அந்தத் தெளிவை ஆசிரியரே கலைக்கும்போது. 2003-இல் வந்த 'த டாவின்சி கோட்' நாவலின் தொடக்கத்தில், உண்மை என்ற தலைப்பின்கீழ், பிரியரி ஆஃப் சியோன் 1099-இல் தொடங்கப்பட்ட இரகசியச் சங்கம், அது ஓர் உண்மையான அமைப்பு என்று அச்சிடப்பட்டிருந்தது. உண்மையில் அந்தப் பெயரில் ஓர் அமைப்பைப் பியர் பிளாந்தார் என்பவர் பிரான்ஸில் 1956-இல்தான் பதிவு செய்தார். அதற்குப் பழம்பெருமை கற்பிக்கும் ஆவணங்கள் போலியாகத் தயாரிக்கப்பட்டு, 1960-களில் பிரெஞ்சு தேசிய நூலகத்தில் சேர்க்கப்பட்டவை. கதைக்குள் ஒரு பாத்திரம் இதைச் சொல்லியிருந்தால் அது பாத்திரத்தின் நம்பிக்கை. கதை தொடங்கும் முன்பே ஆசிரியர் உறுதி கூறும்போது, வாசகர் தம் சந்தேகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகிறது. இதே ஆசிரியரின் முந்தைய நாவலில், ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகமான செர்னிலிருந்து கால் கிராம் எதிர்ப்பொருள் (சாதாரணப் பொருளைத் தொட்டதும் அதோடு சேர்ந்து அழிந்து ஆற்றலாக மாறும் பொருள்) திருடப்படுகிறது. அதைப் படித்தவர்களின் ஐயங்களுக்கு விடை சொல்ல செர்ன் தன் இணையதளத்தில் தனியே விளக்கம் வெளியிட வேண்டியிருந்தது: அங்கே இதுவரை உருவாக்கப்பட்ட எதிர்ப்பொருள் முழுவதையும் ஒன்றுசேர்த்தாலும் ஒரு மின்விளக்கைச் சில நிமிடம் எரிய வைக்கத்தான் போதும்.

தகவல் சரியாக இருப்பதன் பயனுக்கு அகதா கிறிஸ்டியைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்த அவர், விஷங்களை மருந்தாளுநரின் அறிவோடு எழுதினார். அவருடைய முதல் நாவலை ஒரு மருந்தியல் இதழே பாராட்டியது. 1961-இல் எழுதிய ஒரு நாவலில் தாலியம் நஞ்சின் அறிகுறிகளை, முடி கொட்டுவது உட்பட, விவரித்திருந்தார். 1977-இல் கத்தாரிலிருந்து லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு குழந்தையின் நோய் என்னவென்று மருத்துவர்களுக்குப் புலப்படவில்லை. அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர் தாலியமாக இருக்கலாம் என்று சொல்ல, சோதனை அதை உறுதிப்படுத்தியது, குழந்தை பிழைத்தது.

அதே துல்லியம் தவறான கைக்கும் போய்ச்சேரலாம் என்ற கவலையும் நியாயமானதே. டாம் கிளான்சி கடற்படையில் பணியாற்றியவர் அல்லர்; காப்பீட்டு முகவர். எல்லோருக்கும் கிடைக்கும் நூல்களைக்கொண்டே 1984-இல் தம் முதல் நீர்மூழ்கி நாவலை எழுதி, கடற்படையினரையே வியக்க வைத்தார். 1991-இல் அணுகுண்டைப் பயங்கரவாதிகள் தயாரிக்கும் கதையை எழுதியபோது, தேவையான செய்திகள் பொதுவெளியில் இவ்வளவு எளிதாகக் கிடைப்பது அவரையே கலங்க வைத்தது. ஆகவே சில தொழில்நுட்ப விவரங்களை வேண்டுமென்றே மாற்றி எழுதியிருப்பதாக நூலின் பின்னுரையில் தெரிவித்தார். அணு இயற்பியலாளரல்லாத வாசகருக்கு எந்த வரி மாற்றப்பட்டது என்று கண்டுபிடிக்க வழியில்லை. குண்டு தயாராகும் அத்தியாயங்களின் பதற்றமும் அதனால் சிறிதும் குறையவில்லை.